டார்கெட்டும் எங்கள் ஆஸ்பத்திரி பச்சையான கதையும்

பழனி மலைத்தொடரில் எந்த வீட்டில் வளைகாப்பு நடந்தாலும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்து, ஐந்து வகைச் சாதத்தையும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு, கை கழுவின ஈரம் காய்வதற்குள் "பொண்ண அனுப்பாதீங்க" என்று சண்டைக்கு நிற்கிற அரசாங்க ஆள் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் டார்கெட்டு. அவர் மேல் மண்ணை வாரித் தூற்றியவர்கள் உண்டு. துடைப்பத்தைத் தூக்கிய சம்பந்திகள் உண்டு. மனுஷன் அசரமாட்டார். அடுத்த வளைகாப்புக்கும் முதல் பந்தியில் இருப்பார்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு இருந்தது. அதைச் சம்பள நாளில் மட்டும் யாராவது உச்சரிப்பார்கள். ஒப்பந்த ஊழியர் என்பதால் அந்த நாளும் ஒழுங்காக வராது. ஊர் பள்ளங்கி. தலையில் குரங்குக் குல்லா, அதற்கு மேல் ஹெல்மெட், அதற்கு மேல் மழை வந்தால் ஒரு உரச்சாக்கு. காலையில் மொபெட்டை நிறுத்தும்போதே "என்ன, டார்கெட்டு முடிஞ்சுதா?" என்று வாட்ச்மேன் முதல் டாக்டர் வரை எல்லாரையும் கேட்பார். அதனால் அந்தப் பெயர்.

மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஒரு ஊர். பெயர் வேண்டாம், இருக்கிற வம்பு போதும். அங்கே இருக்கிற அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்து கொடுக்கிறவள். வத்தலக்குண்டு வெயிலில் வளர்ந்த என்னைக் கொண்டுபோய் அந்தக் குளிரில் போட்டார்கள். வந்த புதிதில் பல் தந்தியடித்ததில், "மூணு வேளை" என்று சொல்ல எனக்கு மூன்று நிமிஷம் ஆகும். டார்கெட்டுதான் ஒரு பழைய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து, "போட்டுக்க தாயி, நீ படுத்துட்டா மருந்து டார்கெட்டு விழுந்துரும்" என்றார். அன்புகூட அவருக்கு ரிப்போர்ட் வழியாகத்தான் வரும்.

அவர் வேலை கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றுவது. யாருக்கு ஊசி, யாருக்குச் சர்க்கரை, எந்த வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு என்று அத்தனையும் மாசக் கடைசிக்குள் மேலே போக வேண்டும். மேலே என்பது கீழே, அதாவது மாவட்ட ஆபீஸ். அங்கே ஒரு பெரிய திரையில் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் விழும். நாங்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்போம். அவர்கள் எங்கள் நிறத்தைப் பார்ப்பார்கள்.

எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் கிடையாது. ஆஸ்பத்திரி லேண்ட்லைன் மேகம் கறுத்தாலே செத்துவிடும். ரோட்டில் கொஞ்ச தூரம் இறங்கினால் ஒரு கொண்டை ஊசி வளைவு, அங்கே மட்டும் சிக்னல் வரும். டார்கெட்டு மாசக் கடைசியில் லேப்டாப்பைத் துண்டில் கட்டிக்கொண்டு அங்கே போவார். ஒருமுறை அந்த வளைவில் ஒரு காட்டுமாடு வந்து நின்றுவிட்டது. இவர் எட்டி நின்று, "ஏலே, தள்ளுலே, இன்னைக்குக் கடைசித் தேதி" என்று கெஞ்சியிருக்கிறார். அது அசைபோட்டபடி இவரையே பார்த்ததாம். ரிப்போர்ட் ஒரு நாள் தாமதம். மறுநாள் மாவட்ட ஆபீஸ் அதிகாரி லேண்ட்லைனில் பிடித்துக்கொண்டார்.

"ரிப்போர்ட் ஏன்யா லேட்டு?"

"காட்டுமாடு நின்னுச்சுங்க சார்."

"யோவ், மாட்டுக்கும் ரிப்போர்ட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அது நிக்கிற எடத்துலதாங்க சார் சிக்னல் கெடக்கு."

தாமதத்துக்குக் காரணம் கம்ப்யூட்டரிலும் சொல்லியாக வேண்டும். அதில் இருந்த காரணங்கள்: மின்தடை, ஊழியர் விடுப்பு, இயந்திரப் பழுது. காட்டுமாடு இல்லை. இவர் யோசித்து 'இயந்திரப் பழுது' என்பதைத் தட்டிவிட்டார். பல மாதம் கழித்துத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு மெக்கானிக், வழியெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டு மலையேறி வந்து, "எந்த மெஷினுங்க ரிப்பேரு?" என்று கேட்டார். டார்கெட்டு அவரை மொபெட்டில் ஏற்றிப் போய் வளைவில் மேய்ந்துகொண்டிருந்ததைக் காட்டினார். அந்த மெக்கானிக் எங்களிடம் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இதெல்லாம் சிரிக்கிற காலத்துக் கதை. வயிற்றெரிச்சல் கதை இனிமேல்தான்.

மலைக்கிராம ஆஸ்பத்திரிகளுக்குக் கைகொடுக்க என்று ஒரு திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தில் எங்களுக்குப் பிரசவம் பார்க்க ஒரு நர்ஸ் கிடைத்தார். ரோஸ்லின் சிஸ்டர். கொடைக்கானல்காரர், மாதா பக்தை, வாய் ஓயாமல் பேசுவார், கை மட்டும் அப்படி ஒரு நிதானம். அவர் வந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்புவலியோடு ஜீப்பில் குலுங்கிக்கொண்டு கொடைக்கானல் போவது நின்றது. ஆனால் அவர் பதவிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் பதிவு செய்த கர்ப்பிணிகள் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெற வேண்டும். நூற்றுக்கு எத்தனை பேர் அப்படிப் பெற்றார்கள் என்று மார்க். மார்க் குறைந்தால் நர்ஸ் போய்விடுவார்.

கேட்கும்போது நியாயமாகத்தானே இருக்கிறது? அங்கேதான் வினை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். எங்கள் ஊருக்கு வாழ வந்த மருமகள்கள் எங்களிடம் பதிந்து, மாத்திரை சாப்பிட்டு, ஊசி போட்டு, ஏழாம் மாசம் கை நிறைய வளையலோடு அய்யம்பாளையத்துக்கும் பெரும்பாறைக்கும் போய்விடுவார்கள். எங்களுக்கு முட்டை. சரி, எங்கள் ஊரில் பிறந்து கீழே வாக்கப்பட்ட மகள்கள் பிரசவத்துக்கு இங்கே வருவார்களே? வந்தார்கள். ரோஸ்லின் சிஸ்டர் கையில்தான் பெற்றார்கள். ஆனால் அவர்கள் பதிவு புருஷன் ஊரில். அதனால் அவர்கள் எங்கள் கணக்கில் வரமாட்டார்கள். வார்டு முழுக்கப் பிள்ளைகள் அலறிக்கொண்டிருக்கும், டார்கெட்டு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பிரசவம் 'இல்லை' என்று ஏற்றுவார்.

"ஏன் தாயி, தொட்டில்ல புள்ள கெடக்கு, ரிப்போர்ட்ல முட்டை கெடக்கு. இது எந்த ஊரு நாயம்?" என்று என்னிடம் வந்து மூக்கைச் சிந்துவார்.

மாவட்டக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பார்த்தார். அதிகாரி கெட்டவர் இல்லை. மதுரையில் பெரிய படிப்புப் படித்தவர், பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது புரியுது. ஆனா சிஸ்டம்ல அதுக்கு இடமில்லையே" என்றார்.

"இடமில்லாட்டி இடம் போடுங்க சார்."

"அது சென்னையில பண்றது."

"சென்னைல தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போறதில்லைங்களா சார்?"

கூட்டம் சிரித்தது, அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்து, மார்ச்சுக்குள் மார்க் ஏறாவிட்டால் பிரசவ வார்டு இருக்காது என்று சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் சேர்ந்து கம்ப்யூட்டரைக் கை காட்டினார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் வளைகாப்புப் படையெடுப்பு. சிஸ்டத்தை மாற்ற முடியாது, சரி, சடங்கை மாற்றிவிடலாம் என்று கிளம்பிய ஆள் இவர்! கவிதா என்று ஒரு மருமகள், அய்யம்பாளையத்துப் பெண். அவள் வளைகாப்பில் வழக்கம்போலச் சாப்பிட்டு ஏப்பம் விட்டு எழுந்தார். கவிதாவின் அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, பொண்ண இங்கனயே விட்டுட்டுப் போங்க. சிஸ்டர் இருக்காங்க, நல்லாப் பாப்பாங்க."

"யாருய்யா நீ? எம் மகளத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போகாம விட்டா ஊரு என்னையக் காறித் துப்பாது?"

"அய்யம்பாளையம் துப்பட்டும் ஆத்தா. இந்த ஊர்ல ஆஸ்பத்திரி நிக்கும்ல?"

"எம் மகளுக்குப் பத்தியம் நீ பொங்கிப் போடுவியா? பச்ச ஒடம்புக்குத் தண்ணி ஊத்துவியா? போய்யா, சோலியப் பாத்துக்கிட்டு!"

வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். இவர் அந்தத் திட்டையும் யோசனையாக எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பூட்டிக்கிடந்த ஒரு குவார்ட்டர்ஸைத் திறந்து, ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு பூசி, விறகடுப்பு போட்டு, வாசலில் கோலமும் போட்டு, "இதான் தாய் வீடு" என்று அறிவித்துவிட்டார். பெண் அம்மா வீட்டுக்குப் போக வேண்டாம், அம்மாக்காரி இங்கே வந்து தங்கி மகளைப் பார்த்துக்கொள்ளட்டும். சடங்கும் கெடாது, மார்க்கும் கெடாது. நான் சிரித்தேன். ரோஸ்லின் சிஸ்டர், "பைத்தியம்தான், ஆனா ஐடியா சூப்பர்" என்றார்.

பத்து நாள் அவர் வாசலில் நின்று நச்சரித்ததில் கவிதாவின் அம்மா இறங்கி வந்தார். சரியாகச் சொன்னால், மகளோடு மலை ஏறி வந்தார். கூடவே தேங்காய் மூட்டை, அம்மிக்குழவி, மருந்துச் சாமான், இரண்டு நாட்டுக்கோழி. ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியே அந்த அம்மா கைக்குப் போய்விட்டது. ஓபிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சுக்குக் காபி. எனக்கு முன்னால் அவரே, "இந்த மாத்திரைய வெறும் வயித்துல திங்காத" என்று ஆலோசனை சொல்லி அனுப்புவார். கோழி ஒன்று டார்கெட்டின் கீபோர்டில் முட்டையிட்டது. அதை யாரும் ரிப்போர்ட்டில் சேர்க்கவில்லை.

கவிதாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எங்களிடம் பதிந்து எங்களிடமே பெற்ற தலைப்பிரசவம். டார்கெட்டு ஆஸ்பத்திரி முழுக்க லட்டு கொடுத்தார், குழந்தையின் அப்பன்கூட அப்படி ஆடவில்லை. அதைப் பார்த்து இன்னும் சில அம்மாக்கள் கம்பளியோடு வந்தார்கள். சிவப்பு மஞ்சளானது. இப்படியே இரண்டு மாதம் போனால் பச்சை என்று எல்லாரும் நம்பினோம்.

அப்போதுதான் ஆய்வுக்குழு வந்தது. பிரசவ வார்டைப் பார்த்தார்கள், சுத்தம் என்றார்கள். பின்னால் போனார்கள். அரசு குவார்ட்டர்ஸில் விறகடுப்பு, அனுமதி இல்லாத நபர்கள், கோழி. குழுத் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது என்ன?" என்று கேட்டார்.

"தாய் வீடுங்க சார்."

"யார் அனுமதி குடுத்தது?"

"அவங்க அம்மாதாங்க சார்."

'அத்துமீறல்', 'தொற்று அபாயம்' என்று இரண்டு கழித்தல் மார்க் விழுந்தது. மஞ்சள் மறுபடியும் சிவப்பு. குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். கவிதாவின் அம்மா போகும்போது அந்தக் குழு இருந்த திசைக்கு மண்ணை அள்ளி வீசினார். நானாக இருந்தால் கல்லை வீசியிருப்பேன்.

மார்ச் முடிந்தது. பிரசவ வார்டை மூடவில்லை, 'சேவையை ஒருங்கிணைக்கிறோம்' என்று உத்தரவு வந்தது. நல்ல தமிழ்தான், காதில் விழுந்தால் ஏதோ கல்யாணம் நடக்கப்போகிற மாதிரி இருக்கும். ரோஸ்லின் சிஸ்டரைக் கீழ்நாட்டுக்கு மாற்றினார்கள். வார்டுக்குப் பூட்டு. அன்றைக்கு டார்கெட்டு யாரிடமும் எதையும் கேட்கவில்லை. குல்லாவைக் கழற்றாமல் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசி மழையில் ஜோதி வந்தாள். எங்கள் ஊர்ப் பூண்டு விவசாயி மகள், கீழே பட்டிவீரன்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். நாள் இருக்கிறது, வாரக் கடைசியில் கொடைக்கானல் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வீட்டில் இருந்தார்கள். வலி முன்னாடியே வந்துவிட்டது. மத்தியானம், மழை கொட்டுகிறது, லேண்ட்லைன் செத்துக் கிடக்கிறது, டாக்டருக்கு அன்றைக்கு வேறு ஊரில் முகாம். அவளைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, பூட்டின வார்டு வாசலில் நிறுத்தினார்கள்.

டார்கெட்டு ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார். உள்ளே போனால் மேஜை இல்லை, கருவி இல்லை, அதையும் ஒருங்கிணைத்துக்கொண்டு போயிருந்தார்கள். நின்று அழ நேரமில்லை. காய்கறி ஜீப்பில் மெத்தையைப் போட்டு ஏற்றினோம். நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். "வெரசாப் போடா, வெரசா" என்று டார்கெட்டு டிரைவர் தோளைக் குத்திக்கொண்டே வந்தார். சிக்னல் கிடைக்கிற அந்த வளைவிலேயே ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது.

ஆட்கள் அரிவாளோடு மரத்தை வெட்ட, டார்கெட்டு சிக்னல் பிடித்து ரோஸ்லின் சிஸ்டரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு என் காதோரம் பிடித்தார். சிஸ்டர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மாத்திரை எண்ணிக் கொடுக்கிற கை இது. பிள்ளை வெளியே வந்தது. "அழுதுச்சா? அழுதுச்சாக்கா?" என்று சிஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். முதுகைத் தேய்த்தேன், சொன்னதெல்லாம் செய்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது. டார்கெட்டு போனைத் தன் நெஞ்சோடு வைத்து மூடிக்கொண்டார்.

ஜோதியைக் காப்பாற்றிவிட்டோம். அதுவே பெரிசு என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த மரணம் எங்கள் ரிப்போர்ட்டில் வரவில்லை. ஜோதியின் பதிவு கீழே என்பதால் அது அந்த ஊர்க் கணக்கு. எங்கள் கணக்கில் அந்த மாதம் ஒரு குறையும் இல்லை. அடுத்ததாக நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வார்டு இல்லாத ஆஸ்பத்திரிக்குப் பிரசவ மார்க் பொருந்தாது என்று சிஸ்டமே அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டது. எங்களைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். மற்ற ஊசி, மாத்திரை, கொசு எல்லாவற்றிலும் டார்கெட்டு புண்ணியத்தில் நாங்கள் சூரப்புலி. எங்கள் ஆஸ்பத்திரி முழுப் பச்சை!

மாவட்ட விழாவில் 'மிக வேகமாக முன்னேறிய ஆஸ்பத்திரி' என்று கேடயம் அறிவித்தார்கள். டாக்டர் ஊரில் இல்லை என்பதால் டார்கெட்டு மேடை ஏறினார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார், குல்லா இல்லாத அவர் தலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"அய்யா, எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க ஆஸ்பத்திரில புள்ள பெக்குற வார்டை மூடுனீங்க, நாங்க பச்சையாயிட்டோம். மிச்சம் இருக்கிறதையும் மூடிட்டீங்கன்னா மாநிலத்துலயே முதல் எடத்துக்கு வந்துருவோம். அதுக்கும் ஒரு ஏற்பாடு பண்ணுங்க."

முன்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கை தட்டிவிட்டார்கள். அந்த ஒரு கைதட்டல் எனக்கு இன்னும் எரிகிறது.

அடுத்த முறை அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டதற்கு, செயல்திறன் போதாது என்று எழுதியிருந்தார்கள். சண்டை போடுவார் என்று பார்த்தேன். "விடு தாயி" என்று ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது எங்கள் ஊர்ப் பூண்டு கமிஷன் கடையில் மூட்டை எடை போடுகிறார். அவர் இடத்துக்கு வந்த பையன் கெட்டிக்காரன், ஒரு வார்த்தை பேசமாட்டான், மாசக் கடைசிக்கு முன்னாடியே ரிப்போர்ட் அனுப்பிவிடுவான். நாங்கள் இன்னும் பச்சைதான்.

போன தையில் பூண்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். சிக்னல் டவர் ஒன்று ஒருவழியாக வந்துவிட்டதால் அவர் போன் கடையிலேயே அடித்தது. கை முழுக்கப் பூண்டுத் தோல், அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, ஜோதி பேசுறேன். வெள்ளனே பொம்பளப் புள்ள பொறந்திருக்குண்ணே."

இரண்டாம் பிரசவம், புருஷன் ஊரில், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. டார்கெட்டு தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். வாழ்த்தவில்லை, சந்தோஷம் என்று சொல்லவில்லை. அவருக்கு அது வராது.

"எட எம்புட்டு?"

சொன்னாள்.

"ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சுண்ணே."

"ஊசி?"

"போட்டாச்சு. ஏண்ணே, நீதான் இப்ப வேலையிலயே இல்லையே. யாருக்குண்ணே இந்தக் கணக்கு?"

அவர் கையிலிருந்த பூண்டுத் தோலைத் தட்டிவிட்டு, போன் பக்கம் குனிந்தார். மெல்லக் கேட்டார்.

"அழுதுச்சா தாயி?"

"அழுதுச்சுண்ணே. தெருவே கேக்குற மாதிரி அழுதுச்சு."

அவர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். நான் பூண்டை வாங்காமலே கொஞ்சநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷன் இல்லாத ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக எனக்கு அன்றைக்கு மனசே வரவில்லை.